பெயர் இழந்த ஆட்டங்கள்

விளையாட்டு என்பது இளமையோடு கழிவது. கழிந்தபின் அதனை நினைந்து எழுதுதல் கற்றோர்க்கு அழகன்று எனக் கருதுவார் நம்மிடையே பலர் உளர். பந்தும் கழங்கும் ஊசலும் புலவர் பாட்டில் இடம்பெற்றமை அறிந்தோரும், தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்து சிறார் ஆடும் ஆட்டங்களை மட்டும் பேசத்தகாதன என்று ஒதுக்கிவிடுகின்றனர். நாம் அக்கருத்துக்கு உடன்படுவோமல்லோம். ஓர் ஆட்டத்தைச் சிலர் கூடி எண்ணினர், படம் வரைந்தனர், இசை கூட்டினர், பிழை களைந்து முடித்தனர் எனின், அது படைப்பேயாம். படைப்பெனின் படைத்தோர் உளர். அவர்தம் பெயரறிந்து பேசுதல் அப்படைப்பை நுகர்ந்தோர் செலுத்தும் முதற்கடன். அக்கடன் இன்னும் செலுத்தப்படாதிருக்கும் ஒரு பொறியைக் குறித்தும், அப்பொறிக்கென ஆக்கப்பெற்றுப் பெரும்பாலோர் கவனியாது விட்ட ஆட்டங்கள் சிலவற்றைக் குறித்தும் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அப்பொறி ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்தில் தோன்றியது. 1889-ஆம் ஆண்டில் பூப்படம் தீட்டிய சீட்டுகள் செய்து விற்கத் தொடங்கிய நின்டெண்டோ கம்பெனியார், 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் தேதி 'பேமிலி கம்ப்யூட்டர்' என்னும் பெயரால் அதனை 14,800 யென் விலைக்கு வெளியிட்டனர். ஜப்பானியர் அப்பெயரைச் சுருக்கிப் 'பேமிகாம்' என்றழைத்தனர். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம். அதனை வகுத்தமைத்தவர் மசயுகி உயெமுரா என்னும் பொறியியல் வல்லார். இன்று நம் கையிலுள்ள கைப்பேசியோடு ஒப்பிடின் அப்பொறியின் ஆற்றல் மிகச் சிறிது. அஃது இயங்கும்போது பயன்கொள்ளும் நினைவகம் 2 கிலோபைட் அளவினதே. இக்கட்டுரையின் ஒரு பக்கத்தைத் தமிழெழுத்தில் சேர்த்துவைக்கவும் அது போதாது. திரையில் அகலத்துக்கு 256 புள்ளிகள், உயரத்துக்கு 240 புள்ளிகள். அசையும் சிற்றுருவங்கள் ஒரு வேளையில் 64-க்கு மேல் நில்லா; ஒரே கிடைவரிசையில் எட்டுக்கு மேல் வருமாயின் மிகுந்தவை தோன்றா. ஆதலின் ஆக்கியோர் அவற்றை மாற்றி மாற்றிக் காட்டினர். ஆட்டம் முறுகும்போது உருவங்கள் மினுக்கு மினுக்கென்று தோன்றி மறைந்ததை நம்முட் பலர் நினைவுகூர்வர். அதன் காரணம் இதுவே.

குறுகிய இடத்தில் வாழ்வோர் சிக்கனம் கற்பதுபோல, இப்பொறிக்கு ஆட்டம் எழுதினோரும் சிக்கனம் கற்றனர். 1985-ஆம் ஆண்டில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. அதன் வானத்திலுள்ள முகிலும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. இதனைக் கேட்டபின் அவ்வாட்டத்தை மீண்டும் காண்பார் முறுவலிப்பர். இல்லாமையை மறைத்தற்குச் செய்த இவ்வுபாயம் நாற்பதாண்டுகள் கழிந்தும் கண்ணை உறுத்தவில்லை.

பேமிகாம் 1985-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிற்கு வேற்றுருவும் வேற்றுப்பெயரும் பூண்டு சென்றது. உலகில் விற்ற மொத்தத் தொகை 6 கோடியே 19 லட்சம். 2003-ஆம் ஆண்டில் நின்டெண்டோ கம்பெனியார் அதன் உற்பத்தியை நிறுத்தினர். இருபதாண்டு வாழ்வில் அதற்கென வெளிவந்த ஆட்டங்கள் ஜப்பானில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டன. ஆயினும் அப்பொறியைப் பற்றிப் பேசுவோர் ஐந்தாறு பெயர்களையே மீட்டும் மீட்டும் கூறுகின்றனர். மாரியோவைக் கூறுவர், 'செல்டா'வைக் கூறுவர், 'காண்ட்ரா'வைக் கூறுவர், அவ்வளவில் அமைவர். ஏனைய நூற்றுக்கணக்கானவை என்னவாயின?

நிற்க. இப்பொறி நம் வீடுகளுக்கு வந்த வழி வேறு. கிழக்காசிய நாடுகளில் சிலர் இதன் உள்ளமைப்பைப் பார்த்து அவ்வாறே இயங்கும் பொறிகளைச் செய்து, மலிந்த விலைக்குப் பல தேயங்களுக்கு அனுப்பினர். ருஷியாவில் 1992-ஆம் ஆண்டு முதல் அது 'டெண்டி' என்னும் பெயரால் வழங்கிற்று. நம் நாட்டிலும் கடைக்கொரு பெயர் தாங்கி வந்தது. நம் தமையன்மாரும் தமக்கைமாரும் தொண்ணூறுகளில் அதனை ஆடினர். மூலப்பொறியின் உற்பத்தி நின்றபின் பிறந்த நாமும், பொருட்காட்சிக் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் வாங்கிய நகற்பொறிகளில் அதே ஆட்டங்களை ஆடினோம். நம் சிறாருக்கு அது பேமிகாம் அன்று, 'டி.வி. கேம்'. அதில் ஆட்டத்தைத் தாங்கிச் செருகப்படும் பெட்டகம் 'கேசட்டு'. கையிற் பிடிக்கும் விசைப்பெட்டி 'ரிமோட்டு'.

கோடை விடுமுறையில் உறவினர் பிள்ளைகள் ஒரு வீட்டிற் கூடுதலும், மஞ்சளும் வெள்ளையுமான வயர்களைத் தொலைக்காட்சியின் பின்புறத்தில் தடவித் தடவிச் செருகுதலும், 'ஓர் உயிர் போனால் ரிமோட்டு அடுத்தவர்க்கு' என்று சட்டம் வகுத்தலும், வகுத்தவரே அச்சட்டத்தை மீறுதலும் நம் பருவத்தினர் பலர்க்கும் பொதுவான நினைவுகள். கேசட்டு இயங்காவிடின் கழற்றி வாயால் ஊதிச் செருகுவோம். ஊதுதல் உலோக முனைகளுக்குத் தீங்கு என்று நின்டெண்டோ கம்பெனியார் எச்சரித்திருந்தமையை அந்நாளில் நமக்கு உரைப்பார் யார்? அடாப்டர் கொதிக்கின்றது என்று அம்மா வந்து நிறுத்துவார். அல்லது மின்சாரம் தானே நின்றுவிடும். ஆடியவற்றைச் சேமித்துவைக்கும் வழி அக்கேசட்டுகளில் இன்மையால், மறுநாள் முதற்கட்டத்திலிருந்து தொடங்குவோம். அதனை எவரும் குறையாக எண்ணியதில்லை.

அக்கேசட்டின் மேல் ஒட்டிய தாளில் 9999 ஆட்டங்கள் உள்ளன என்று அச்சிட்டிருப்பர். உண்மையில் இருப்பன சில. அவையே வேறு வேறு கட்டங்களிலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப எண்ணப்பட்டிருக்கும். இவ்வேமாற்றத்தினும் பெரிதான ஒன்றையே நாம் இங்குக் குறிக்க விரும்புகின்றோம். மூல ஆட்டத்தின் முதற்றிரையில் ஆட்டத்தின் பெயரும், ஆக்கிய கம்பெனியின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. நகல் செய்தோர் பல ஆட்டங்களில் அவ்வரிகளைத் தேடிச்சென்று அழித்தனர். சிலவற்றில் தாம் விரும்பிய வேறு பெயரை இட்டனர். ஆட்டம் முழுமையாக வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. எனவே சிறுவர் தாமே பெயரிட்டு வழங்கினர். டாங்கி வருவது 'டாங்கி கேம்'. பலூன் வருவது 'பலூன் கேம்'. இரண்டு பென்குயின்கள் வருவது 'பென்குயின் கேம்'.

தமிழ் பயில்வார்க்கு இந்நிலை புதிதன்று. குறுந்தொகையில் இயற்பெயர் அறியப்படாத புலவர் சிலர், தத்தம் பாட்டில் அமைந்த சிறந்ததொரு தொடரே பெயராக, செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், மீனெறி தூண்டிலார் என்றும் வழங்கப்படுகின்றனர். சிறுவர் ஆட்டங்களுக்குப் பெயரிட்ட முறையும் இதுவே. ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. பெயர் மறைந்த புலவர்க்கு அவர்தம் பாட்டிலிருந்தே பெயர் தேடி அளித்தனர் பண்டையோர். அஃது அன்பின் செயல். நகல் செய்தோர் தெரிந்த பெயரைத் தெரிந்தே அழித்தனர். அது வாணிகத்தின் செயல். காலம் அழித்ததை மீட்டல் அரிது. வாணிகம் அழித்ததை மீட்டல் எளிது; மனம் ஒன்றே வேண்டும். ஆதலின் நாம் ஆடி மகிழ்ந்த மூன்று ஆட்டங்களுக்கு அவற்றின் உரிய பெயரை முதற்கண் மீட்டளிப்போம்.

டாங்கி கேம் என்று நாம் அறிந்ததன் இயற்பெயர் 'பேட்டில் சிட்டி'. நாம்கோ கம்பெனியார் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டது. கட்டங்கள் 35. ஒவ்வொரு கட்டத்திலும் பகைவர் டாங்கிகள் 20. செங்கற்சுவர் குண்டுபட்டால் இடியும், எஃகுச்சுவர் எளிதில் இடியாது, காடு மறைக்கும், பனித்தரை வழுக்கும். திரையின் அடியில் ஒரு கழுகின் உரு இருக்கும். அதனைக் காத்தலே ஆட்டம். தன் டாங்கி எஞ்சியிருந்தும் கழுகு வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது. பகைவர் குண்டன்றி நம் குண்டே தவறிப் பட்டாலும் அது வீழும். இருவர் கூடி ஆடும்போது ஒருவர் குண்டு மற்றவர்மேற் பட்டால், பட்டவர் சிறிதுபொழுது அசையாது நிற்பர். அதனால் எழுந்த சகோதரச் சண்டைகள் எத்தனை! இருவர்க்கும் பொதுவான ஒரு பொருளைக் காக்க வேண்டுமெனின், பகைவனைச் சுடுதலினும் துணைவன் நிற்குமிடம் அறிதல் முக்கியம் என்பதை எவரும் உபதேசியாமலே அவ்வாட்டம் உணர்த்திற்று. அஃதன்றி, ஆடுவோர் தாமே சுவரும் நீரும் காடும் அமைத்துப் புதுக்களம் இயற்றுதற்கும் அதில் இடமிருந்தது. ஆடுவோன் ஆக்குவோனாகவும் ஆனான்.

பென்குயின் கேமின் இயற்பெயர் 'பைனரி லேண்ட்'. ஹட்ஸன் கம்பெனியார் பேமிகாமுக்கு 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டது. திரையின் நடுவே சுவர். அதன் இருபுறமும் ஒவ்வொரு பென்குயின். ஆடுவோர் ஒருவரே இரண்டையும் செலுத்துவர். ஒன்றை வலப்புறம் திருப்பினால் மற்றொன்று, கண்ணாடியிற் காணும் நிழல்போல, இடப்புறம் திரும்பும். இருபுறத்து வழிகளும் ஒத்தனவல்ல. ஒன்றுக்கு வழியிருக்கும் இடத்தில் மற்றொன்றுக்குச் சுவரிருக்கும். சிலந்திவலையில் ஒன்று சிக்கினால் மற்றொன்று சென்று விடுவித்தல் வேண்டும். மேலேயுள்ள இதயவுருவை இரண்டும் ஒருங்கே அடைந்தாலன்றிக் கட்டம் முடியாது. ஒன்று முந்திச் சென்றதனாற் பயனில்லை. இத்துணை நுட்பமான கருத்தை இத்துணை எளிய விதியில் அமைத்த ஆட்டங்கள் மிகச் சில. பேமிகாமின் சிறந்த ஆட்டங்களை நிரல்படுத்துவோர் இதனைப் பெரும்பாலும் கூறுவதேயில்லை.

பலூன் கேமின் இயற்பெயர் 'பலூன் பைட்'. நின்டெண்டோவின் வெளியீடு, பேமிகாமில் 1985-ஆம் ஆண்டில் வந்தது. இரு பலூன்களால் மிதக்கும் வீரன், விசையை அழுத்துந்தோறும் கைகளை அடித்துப் பறந்து, பகைவர் பலூன்களை உடைத்தல் வேண்டும். நீர்ப்பரப்பின் அருகே தாழப் பறந்தால் பெருமீன் ஒன்று எழுந்து விழுங்கிவிடும். இதனைப் பேமிகாமுக்கு எழுதியவர் ஹால் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த சதோரு இவாதா. பிற்காலத்தில், 2002-ஆம் ஆண்டில், நின்டெண்டோவின் தலைவராக உயர்ந்து, 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11-ஆம் தேதி மறைந்தவர் அவரே. இவர் எழுதிய பேமிகாம் ஆட்டத்தில் வீரன் வழுவழுப்பாக மிதந்தமை கண்டு வியந்த தொஷிஹிகோ நகாகோ என்பார் அதன் மருமத்தை வினவினார். இருப்பிடத்தை முழு எண்ணால் கணியாது பின்னப் பகுதியும் சேர்த்துக் கணிக்கும் முறையை இவாதா அவருக்குக் கற்பித்தார். அம்முறையே பின்னர்ச் சூப்பர் மாரியோவின் நீரடிக் கட்டங்களில் பயன்பட்டது. மாரியோ நீந்தியதைக் கண்டு மகிழ்ந்த கோடிக்கணக்கானோர், அந்நீச்சலைக் கற்பித்தது இப்பலூன் வீரனே என்பதை அறியார். புகழ் பெற்றதைப் புரிந்துகொள்ளுதற்கும் புகழ் பெறாததை அறிய வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இவை மூன்றும் பெயரிழந்து நம்மிடம் வந்தவை. நம்மிடம் வாராமலே நின்றவையும் உள. அவற்றுள் இரண்டைக் கூறுவோம். சன்சாப்ட் கம்பெனியார் 1992-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட 'கிம்மிக்' என்பது ஒன்று. பச்சை நிறத்துச் சிற்றுயிர் ஒன்று தலைமேல் விண்மீனைத் தோற்றுவித்து எறியும். அவ்விண்மீன் சரிவில் உருண்டு, சுவரில் மோதித் திரும்பும். காலம் அறிந்து குதித்தால் அதன்மேலேறிச் செல்லவுங் கூடும். ஓசைக்கென அக்கேசட்டிலேயே தனிச் சில்லு ஒன்று வைத்து, மசஷி ககேயமா இசையமைத்தார். ஆயினும் அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1990-ஆம் ஆண்டு நவம்பரில், அடுத்த தலைமுறைப் பொறி வந்துவிட்டது. மக்கள் கண் அதன்மேற் சென்றது. ஐரோப்பாவில் ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கு மட்டுமே கிம்மிக் சென்றது. விளைந்த பருவம் தப்பிய நெல்லைப்போல அது விலைபோகவில்லை. முப்பதாண்டு கடந்து, 2023-ஆம் ஆண்டில், மறுபதிப்புப் பெற்றது.

மற்றொன்று, கேப்காம் கம்பெனியார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்'. தொகுரோ புஜிவாரா இயற்றுவித்தது. சுவரோவியங்களைத் தேடிப் பாழ்மாளிகை புகும் ஐவரின் கதை. ஐவர்க்கும் வெவ்வேறு கருவி; ஒருவர் இறந்தால் மீண்டும் வாரார்; எஞ்சினோர் எத்தனைபேர் என்பதற்கேற்ப முடிவு வேறுபடும். 1996-ஆம் ஆண்டில் அக்கம்பெனியாரே வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற 'ரெஸிடெண்ட் ஈவில்' தொடருக்கு இதுவே வித்து. கனி உலகெங்கும் விற்றது. வித்து ஜப்பானுக்கு வெளியே கடைக்கு வரவில்லை. பிறநாட்டு ஆர்வலர் தாமே மொழிபெயர்த்தமையால்தான் அஃது ஆங்கிலம் அறிந்தோர்க்கும் கிட்டிற்று.

இவ்விடத்தில் ஓருண்மையை மறைத்தலாகாது. பெயரழித்தல் நகல் செய்தோரிடத்தில் தொடங்கிய தீங்கன்று. அக்காலத்துக் கம்பெனிகள் பலவும் தம்மிடம் உழைத்தோரின் இயற்பெயர் வெளிப்படுதலை விரும்பவில்லை. திறமை மிக்காரைப் போட்டிக் கம்பெனியார் கவர்ந்துகொள்வர் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணம். ஆதலின் ஜப்பானிய ஆட்டங்கள் பலவற்றின் இறுதியில் காணப்படுவன புனைபெயர்களே. அமெரிக்க நாட்டிலும் இவ்வழக்கு இருந்தது. அடாரி கம்பெனியில் உழைத்த நால்வர், தம் பெயர்க்கும் உழைப்புக்கும் உரிய மதிப்புக் கிடைக்காமையால் வெளியேறி, 1979-ஆம் ஆண்டில் வேறு சிலரோடு கூடி 'ஆக்டிவிஷன்' கம்பெனியைத் தொடங்கினர். அடாரியிலேயே இருந்த வாரன் ராபினெட் என்பார், தாம் இயற்றிய 'அட்வெஞ்சர்' என்னும் ஆட்டத்தில் எளிதிற் காணவொண்ணாத அறையொன்றை அமைத்து, அதனுள் தம் பெயரை எழுதிவைத்தார். சிற்பி தூணின் மறைவில் தன் உருவைச் செதுக்கிவைத்தாற் போன்றது அச்செயல். பெயர் வேண்டும் என்னும் வேட்கை இழிந்ததன்று. 'இது நான் செய்தது. இதன் நன்மைக்கும் குறைக்கும் நான் பொறுப்பு' என்று கூறும் நேர்மையே அது.

இனி, நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். 'இஃதெல்லாம் இளமை நினைவின் மயக்கம். அன்று ஆடியதனால் இன்று இனிக்கின்றது' என்பர் சிலர். மேற்கூறிய ஐந்தனுள் கிம்மிக்கையும் ஸ்வீட் ஹோமையும் நாம் இளமையில் ஆடியதில்லை, கண்டதுமில்லை. கல்லூரிப் பருவத்திற் கேள்வியுற்றுத் தேடி அறிந்தவை. நினைவின் துணையின்றியே அவை நம்மை ஆட்கொண்டன. ஆதலின் இனிமைக்கு நினைவு ஒன்றே காரணமன்று, வேலைத்திறமும் காரணம்.

'மாணாக்கர் காலத்தை விழுங்கும் ஆட்டங்களைப் புகழலாமோ?' என்பர் வேறு சிலர். அவ்வச்சம் நியாயமானதே. இன்று கைப்பேசியில் வரும் ஆட்டங்கள் பல, ஆடுவோரை எழவிடாது கட்டிவைத்துப் பணம் பறிக்கும் நோக்கத்தோடே அமைக்கப்படுகின்றன. பேமிகாம் ஆட்டமோ ஒருமுறை விலைக்கு வாங்கியபின் வேறெதனையும் கேட்பதில்லை. தோற்றால் 'முடிந்தது' என்று கூறி நிறுத்திவிடும். எழுந்து செல்வானைப் பெயர்சொல்லி அழைப்பதுமில்லை. பழைய ஆட்டங்களை அறிந்தோர்க்கே புதியவற்றின் பேராசை நன்கு விளங்கும். எதனை ஆடலாம், எதனை ஒதுக்கலாம் என்று பகுத்தறிதற்கும் இவ்வறிவு வேண்டுவதே.

'நகல் திருட்டன்றோ? அதனால் வந்த இன்பத்தைப் போற்றுதல் முறையோ?' என்பது மூன்றாவது வினா, இதுவே கடினமானது. மூலப்பொறியை அதன் விலைக்கு வாங்கும் ஆற்றல் நம் வீடுகள் பெரும்பாலானவற்றிற்கு இருந்ததில்லை. நகல் இல்லையாயின் இவ்வாட்டங்கள் நம் சிறாரை எட்டியே இரா. அவ்வளவில் நகல் நன்மை செய்தது. ஆக்கியோர்க்கு ஒரு காசும் சேராது செய்து, பெயரையும் அழித்தமையால் தீமையும் செய்தது. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று. இளஞ்சிறார் பத்து வயதில் காசைத் திருப்பித் தரவியலாது. ஆனால் வளர்ந்தபின் பெயரைத் திருப்பித் தரவியலும். நாம் வேண்டுவது அவ்வளவே.

இது காலம் தாழ்த்தற்குரிய கடனன்று. அமெரிக்க நாட்டு 'விடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன்' என்னும் அமைப்பினர் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-ஆம் ஆண்டுக்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று முறையான விலைக்குக் கிடைப்பனவல்ல. நூலகங்கள் அத்தகைய ஆட்டங்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்து காட்ட இசைவு வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தார் மறுத்துவிட்டனர். பழைய ஆட்டங்களை இணையவழி விற்ற நின்டெண்டோவின் கடைகளும், வீ என்னும் பொறிக்குரியது 2019-ஆம் ஆண்டிலும், வீ யூ, 3டிஎஸ் என்பவற்றுக்குரியவை 2023-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதியும் மூடப்பட்டன. கேசட்டுகளோ மூப்படைகின்றன, ஆடியதைச் சேமித்தற்கு உள்ளே வைத்த மின்கலங்கள் வற்றுகின்றன. மக்களும் மறைகின்றனர். பேமிகாமை வகுத்த உயெமுரா, ஓய்வுக்குப்பின் கியோட்டோவிலுள்ள ரிட்ஸுமெய்க்கான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து விளையாட்டாய்வைப் பேணி, 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி காலஞ்சென்றார். பொறி சமைத்த கைகளே அப்பொறியின் வரலாற்றையும் காக்க முன்வந்தமை நினைவிற்கொள்ளத்தக்கது.

இக்கல்லூரியினர் இதற்கு என் செய்யலாகும்? பெரிய ஸ்தாபனங்கள் வேண்டா. சிறிய செயல்களே போதும். பழைய மாணாக்கர் தம் வீட்டுப் பரணில் கிடக்கும் பொறியையும் கேசட்டுகளையும் பழைய சாமான் கடைக்கு எடைபோடுதற்குமுன் ஒருமுறை எண்ணுக. அவற்றுள் என்னென்ன ஆட்டங்கள் உள்ளன, எவ்வாண்டில் எவ்வூரில் வாங்கியது என ஒரு தாளில் எழுதுக. நூலகத்தில் ஒரு சிறு பேழை அவற்றுக்கு ஒதுக்கப்படின், இருபதாண்டு கழித்து வருவார் நம்மை வாழ்த்துவர். கணிதமும் பௌதிகமும் பயிலும் நண்பர்கள் இரண்டு கிலோபைட்டில் இவ்வியப்புகள் எவ்வாறு நிகழ்ந்தன என்று ஆராய்க. தமிழ் பயிலும் நாமோ, அவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோம். நூறு பேர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி ஒருவரேனும் எழுதிவையாராயின், நூறு பேரும் மறைந்தபின் அவ்வாட்டம் அவர்களோடு மறையும்.

இவற்றுள் ஒன்றும் இயலாதார்க்கும் இயல்வது ஒன்று உண்டு. அடுத்த விடுமுறையில் தம்பியோ தங்கையோ 'அந்த டாங்கி கேம்' என்று கேட்கும்போது, ஆடும் இன்பத்தில் ஒரு துளியும் குறையாது, 'அதன் பெயர் பேட்டில் சிட்டி. 1985-இல் நாம்கோவார் ஆக்கியது' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெயர்களை விரைவிற் கற்பர், கற்றதை மறவார்.